பன்னிரண்டாவது சீட்டு

"நான் வளவன் வயசு இருபத்தாறு கண்ணூர்ல பய்யாம்பலம் போற ரோட்டு பரோட்டா கடையில இருந்து பேசறேன் அம்மா நல்லா இருக்கியா நைனாவுக்கு முட்டி வலி எப்டி இருக்குது எந்தெந்த பீச்சுக்கு போலாம்னு கேட்டீங்க இல்ல சொல்றேன் மொத்தம் அஞ்சு இருக்குது ரெண்டு நாள்ல அஞ்சும் முடியாது மூணு எடுத்துக்குங்க மொதல்ல பய்யாம்பலம் அது கடைக்கு கிட்ட பசங்க விளையாட மணல் நல்லா இருக்கும் ஆனா அலை இழுக்கும் அம்மாவ முட்டிக்கு மேல எறக்காதீங்க அடுத்தது முழப்பிலங்காடு அங்க வண்டியவே மணல் மேல ஓட்டலாம் ஈர மணல்ல மட்டும் ஓட்ட சொல்லுங்க காஞ்ச மணல்ல போனா டயர் பொதஞ்சிடும் அப்பறம் தர்மடம் அங்க ஒரு தீவு இருக்குது தண்ணி எறங்குன நேரம் நடந்தே போலாம் செருப்ப கழட்டாதீங்க கல்லு கால கீறும் அப்பறம் மீன்குன்னு பாறைங்க நெறைய கூட்டம் கம்மி கடசியா பேக்கல் கோட்டை அது தூரம் யோசிச்சு சொல்லுங்க போட்டோ அனுப்பி இருக்கேன்."

இந்தச் செய்தி குடும்ப வாட்ஸப் குரூப்பில் வந்து விழுந்தபோது, அமலா காந்தி பஜாரில் தான் வேலை பார்க்கும் லேபில் ஒரு லாரி டிரைவரின் முழங்கையில் ரப்பர் கட்டி நரம்பு தேடிக்கொண்டிருந்தாள். கோட்டுப் பாக்கெட்டில் போன் அதிர்ந்தது. ரத்தம் எடுத்து, பஞ்சை வைத்து, "மடக்கி வெச்சுக்குங்கண்ணா" என்று அவரை அனுப்பிவிட்டுத்தான் படித்தாள்.

வளவன் அவள் புருஷன். கல்யாணம் ஆகிப் பதினாலு மாதம். அதில் அவன் செஞ்சியில் இருந்த நாட்களைக் கூட்டிப் பார்த்தால் நாற்பது தேறாது. கையில் எந்நேரமும் மாவும் எண்ணெயும். அதனால் தொட்டு எழுத மாட்டான். சுண்டு விரல் கணுவால் மைக்கை அழுத்திவிட்டுப் பேசுவான், போன் எழுதிக்கொள்ளும். போன புதிதில் வெளியூர் ஆட்களைப் பதிவு செய்யும் வரிசையில் நின்று பேர், வயசு, இருக்கிற இடம் என்று ஒப்பித்தவன், அன்றையிலிருந்து மைக்கைக் கண்டாலே அந்த மூன்றையும் சொல்லாமல் ஆரம்பிப்பதில்லை. பெற்ற தாய்க்கும் அப்படித்தான், கட்டிய பெண்டாட்டிக்கும் அப்படித்தான். முதலில் அமலாவுக்குச் சிரிப்பாக வந்தது. இப்போது வருவதில்லை.

அவள் போட்டோக்களைத் திறந்தாள். நீலம், நீலம், மேலும் நீலம். தென்னை மரம் சாய்ந்து நிற்கிறது. பாறையில் அலை உடைந்து வெள்ளையாகச் சிதறுகிறது. ஜன்னலுக்கு வெளியே பார்த்தால் செஞ்சியின் மூன்று மலைகளும் யாரோ ஜல்லி லோடு கொட்டிவிட்டுப் போன மாதிரி உட்கார்ந்திருந்தன. பிறந்ததிலிருந்து அவள் பார்ப்பது இந்தக் கல்லைத்தான். புருஷனைத் தூரதேசம் அனுப்பிய பெண்கள், அங்கே அவர் என்ன கஷ்டப்படுகிறாரோ என்று உருகுவார்களாம். அமலாவுக்கு உருகவில்லை, எரிந்தது. மாமியாரின் மாத்திரைக்கு மருந்துக்கடை வாசலில் அவள் வரிசையில் நிற்பாளாம். ஐயா தீவுக்கு நடந்தே போவாராம். செருப்பைக் கழற்றக் கூடாதாம்!

ஒரு போட்டோவில் அவள் விரல் நின்றது. மீன்குன்னு. காலை வெயிலில் எடுத்தது. மணலில் கடலைப் பார்த்து நீளமாக ஒரு நிழல் விழுந்திருந்தது. போட்டோ எடுத்தவரின் நிழல். இரண்டு விரலால் விரித்துப் பார்த்தாள். உச்சியில் கொண்டை. தோளிலிருந்து காற்றில் பறக்கிற துப்பட்டா.

வளவனுக்குக் கொண்டை கிடையாது. துப்பட்டா கிடையவே கிடையாது.

அடுத்து வந்த பெண்மணிக்கு அமலா இரண்டு தடவை ஊசி குத்த வேண்டியதாயிற்று.

*

சிறுகடம்பூரில் இருந்த வீட்டில் அன்று சாயங்காலம் பீச்சு தேர்ந்தெடுக்கும் சபை கூடியது. செய்தியை வாசிக்கும் உரிமை மாமனார் தனசேகரனுக்கு. முப்பத்தியொரு வருஷம் பஸ் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். எதை வாசித்தாலும் ஸ்டாப்பிங் பேர் சொல்கிற குரலில்தான் வரும்.

"முழப்பிலங்காடு! முழப்பிலங்காடு இருக்குதா? தர்மடம் எறங்கறவங்க முன்னாடி வாங்க!"

பேரப்பிள்ளைகள் இரண்டும் உருண்டு சிரித்தன. அவை மூத்த மருமகள் வசந்தாவின் பிள்ளைகள். வசந்தாவின் புருஷன் ஆதவன் டிராவல்ஸ் வண்டி ஓட்டுகிறவன். ஐயப்பன் சீசன் முடிந்ததும் வண்டி சும்மா நிற்கும், டீசலை மட்டும் போட்டுக்கொள் என்று முதலாளி சொன்னதில்தான் இந்தப் பயணமே முளைத்தது. ஜனவரி கடைசியில் மூன்று நாள் லீவு சேர்ந்தாற்போல் வந்தது. டிரைவர் நீங்கலாகப் பன்னிரண்டு சீட்டு.

"எனக்கு எதுவா இருந்தாலும் சரி," என்றாள் மாமியார் தைலம்மாள். சத்துணவுக் கூடத்தில் சமைக்கிறவள். "மாசி மகம் வந்தா சாமியே வருசத்துக்கு ஒரு தபா கடல்ல முழுவிட்டு வருது. நான் இத்தினி வயசுக்கு ஒரு தபா முழுவல."

"பேக்கல் போலாம் நைனா. கோட்டையும் இருக்குது, கடலும் இருக்குது," என்றான் ஆதவன்.

"இன்னாது, கோட்டையா?" தனசேகரன் போனைத் தாழ்த்தினார். "கோட்டைக்கு அடியில பொறந்து, கோட்டைக்கு அடியில வளந்து, கோட்டைய பாக்கறதுக்கு ஐநூறு கிலோமீட்டர் போவணுமா? அடிச்சுடு அத."

பேக்கல் அடிபட்டது. மீன்குன்னு கூட்டம் கம்மி என்பதால் வசந்தாவுக்குப் பிடித்தது. "பாறையாம், பாறை. நம்மகிட்ட இல்லாத பாறையா? அதையும் அடிச்சுடுங்க மாமா," என்றாள் அமலா. அவள் குரலில் இருந்த சூடு யாருக்கும் உறைக்கவில்லை.

"நீங்க பாண்டி ரூட்டுல எத்தினி வருசம் ஓடுனீங்க மாமா?" என்று கேட்டாள் வசந்தா. "தெனமும் கடல பாத்திருப்பீங்களே."

"நானா?" தனசேகரன் சிரித்தார். "செஞ்சி பாண்டி, செஞ்சி பாண்டி, பதினெட்டு வருசம். பாண்டி ஸ்டாண்டுல வண்டி நின்னா இருவது நிமிசம். அதுல டீ குடிப்பேனா, ஒண்ணுக்கு போவேனா, ட்ரிப் ஷீட்டு எழுதுவேனா? ஸ்டாண்டுலேர்ந்து கடலு நடக்கற தூரந்தான். ஒரு தபா கூட போவல."

"பொய்யி," என்றாள் தைலம்மாள் உடனே. "பதினெட்டு வருசமா இதத்தான் சொல்றாரு. எவளையாவது கூட்டிட்டு போயி சுண்டல் வாங்கி குடுத்திருப்பாரு."

எல்லோரும் சிரித்தார்கள். அமலா சிரிக்கவில்லை. எழுந்து உள்ளே போய், வளவனுக்குத் தனியாகச் செய்தி தட்டினாள். *மீன்குன்னு போட்டோ யாரு எடுத்தது?*

மூன்று மணி நேரம் கழித்துப் பதில் வந்தது. "நான் வளவன் வயசு இருபத்தாறு கடையில இருந்து பேசறேன் அமலா அது தெரிஞ்சவங்க எடுத்தது சாப்டியா."

தெரிஞ்சவங்க! ஆண் என்றால் ஆள் பேர் சொல்லியிருப்பான். பேர் இல்லாத தெரிஞ்சவங்க, காலை வெயிலில், கொண்டை போட்டுக்கொண்டு. ராத்திரி கடை மூடப் பன்னிரண்டு ஆகிறது, காலையில் எழுந்திருக்கவே முடியவில்லை என்று ஒவ்வொரு போனிலும் அழுகிறவன், விடிகாலையில் பாறை மேல் நிற்கிறான். வீடியோ காலில் கடலைக் காட்டு என்று எத்தனை தடவை கெஞ்சியிருக்கிறாள்! சிக்னல் இல்லை, சார்ஜ் இல்லை, வேலை நேரம். எல்லாம் இப்போது ஒன்றோடொன்று கோர்த்துக்கொண்டன. அமலாவுக்கு அந்தப் பெண் மேல் பொறாமை. அவளைவிட அந்தக் கடல் மேல் பொறாமை. பக்கத்து அறையில் புருஷனிடம் "ஏங்க, கொசுவத்தி எங்க வெச்சீங்க" என்று கேட்கக் கொடுத்துவைத்த வசந்தா மேலும் பொறாமை. கொசுவத்தி எங்கே என்று கேட்பதற்குக்கூட அவளுக்கு ஆளில்லை.

மறுநாள் ஆதவன் சீட்டுக் கணக்கு எழுதினான். அப்பா, அம்மா, வசந்தா, இரண்டு பிள்ளைகள், அமலா, அமலாவின் அப்பா அம்மா, தைலம்மாளின் அண்ணன் ஆதிமூலம், அவர் மனைவி, மகள். பதினொன்று.

"கண்ணூர்ல தம்பி ஏறுவான். அவனோட பன்னெண்டு," என்றான்.

"எங்க அறிவுமதி கேட்டுக்கிட்டே இருக்குது," என்று இழுத்தாள் வசந்தா. அறிவுமதி அவள் தங்கை. பி.எட். படிக்கிறாள். "பாவம், அது எங்கயும் போனதில்ல. சீட்டுதான் இல்ல."

"ஏன் இல்ல?" அமலாவுக்கு வாய் தன்னால் திறந்தது. "அவுருக்கு எதுக்கு சீட்டு? தெனமும் பாக்கற கடல்தான? அறிவுமதிய கூட்டிக்குங்கக்கா."

"அடியே, ரெண்டு நாளும் புருசன் இல்லாமயா?"

"நாம பாத்துட்டு வந்து கடையில பரோட்டா சாப்புடுவோம். அவுரு அங்கயே வீசிக்கிட்டு இருக்கட்டும்."

சொன்னதோடு விடவில்லை. குரூப்பிலேயே போட்டாள். *நீங்க தெனமும் பாக்கற எடந்தான். லீவு போட வேணாம். நாங்களே சுத்திக்கறோம்.*

இதற்காவது ஒரு சண்டை வரும், ஏன் அமலா இப்படிச் சொல்ற என்று கேட்பான் என்று போனைக் கையிலேயே வைத்திருந்தாள். ஒரே ஒரு சொல் வந்தது. "சரி." பேர் இல்லை, வயசு இல்லை, இடம் இல்லை.

பார், எவ்வளவு லேசாகச் சரி என்கிறான்! அவனுக்கு நிம்மதி. 

*

புறப்படுவதற்கு இரண்டு நாள் முன்பு ஒரு போன் வந்தது. "தங்கச்சி, நான் பெரியதம்பி. சீயமங்கலம். வளவன் கூட வேல செய்யறேன். ஊருக்கு வந்திருக்கேன். உங்களாண்ட குடுக்கச் சொல்லி ஒரு பை குடுத்து விட்டிருக்கான். செஞ்சி ஸ்டாண்டுல தேசூர் பஸ்ஸுக்கு நிக்கறேன்."

அமலா கோட்டைக் கழற்றிவிட்டு ஓடினாள். பைக்காக அல்ல. அந்தக் கடையிலிருந்து நேரில் வந்த ஒரு ஆள், அதுவும் மறைக்கத் தெரியாத நம்ம பக்கத்து ஆள், கையில் கிடைத்திருக்கிறான். விடுவாளா?

பெரியதம்பிக்கு நாற்பது வயசு இருக்கும். கடையில் டீ மாஸ்டர். நேந்திரங்காய் சிப்ஸ், கறுப்பு அல்வா, கைலியில் சுற்றிய ஏதோ ஒன்று என்று பையை ஒப்படைத்தார். அமலா வாங்கி இடுப்பில் வைத்துக்கொண்டு நேரே கேட்டாள்.

"அண்ணா, உங்கள கூடப் பொறந்த அண்ணனா நெனச்சு கேக்கறேன். மறைக்காம சொல்லுங்க. அவுரு யாரு கூட பீச்சுக்கு போறாரு?"

"யாரு?"

"உங்க வளவந்தான்."

"பீச்சுக்கா?"

"காலங்காத்தால. மீன்குன்னுக்கு. கொண்ட போட்டுக்கிட்டு ஒருத்தி போட்டோ எடுத்திருக்கறா."

பெரியதம்பி சிரிக்க ஆரம்பித்தார். பக்கத்தில் முறுக்கு விற்றவன் திரும்பிப் பார்க்கிற அளவுக்குச் சிரித்தார். தேசூர் பஸ் உறுமிக்கொண்டு வந்து நின்றது. ஏறாமல் நின்று சிரித்தார்.

"தங்கச்சி, அவன் கடலையே பாத்ததில்லமா."

"இன்னா சொல்றீங்க?"

"பாத்ததில்ல. ஒண்ணேகால் வருசத்துல ஒரு தபா கூட போவல. கடையிலேர்ந்து ஒரு கிலோமீட்டர் இருக்குது, வாடான்னு நானே கூப்புட்டிருக்கேன். காலையில மாவு பெசையணும், மதியம் உருண்ட புடிக்கணும், நாலு மணிக்கு பரோட்டா கல்லாண்ட நின்னான்னா கட மூடற வரைக்கும் வீச்சு. வார லீவுன்னிக்கு தளிப்பறம்புல இன்னொரு கடையில போயி வீசறான். இதுல பீச்சு எங்க போறது?"

"அப்ப அந்த போட்டோ?"

"சாப்புட வர்றவங்களோடது. பீச்சு போயிட்டு வர்ற ஜனம் பூரா நம்ம கடையிலதான விழும்? எந்த பீச்சுன்னு கால பாத்தே சொல்லுவான். முட்டி வரைக்கும் ஈரமா வந்தா பய்யாம்பலம். வண்டி டயர்ல மணலு ஒட்டியிருந்தா முழப்பிலங்காடு. பாதத்துல கீறலோட நொண்டிக்கிட்டு வந்தா தர்மடம், செருப்ப கழட்டி வுட்டு நடந்தவங்க. பரோட்டா வேவறதுக்குள்ள போயி நின்னுடுவான். சேட்டா, அலை எப்டி? சேச்சி, சின்ன பசங்க எறங்கலாமா? வயசானவங்க நடக்கலாமா? அப்பறம் ஒரு போட்டோ அனுப்புங்கன்னு நம்பர் குடுப்பான். மொதலாளி கூட திட்டுனாரு, நீ பரோட்டா மாஸ்டரா டூரிஸ்ட்டு ஆபீஸான்னு. நீ சொல்ற கொண்டக்காரி ஒரு ஸ்கூல் டீச்சரு. அவங்களுக்கு வளவன் வயசுல புள்ள இருக்குது."

"எதுக்கு அப்டி?"

"அது ஒரு கத. மொத மாசம் அவங்க அம்மா போன்ல அழுதுதாம். நெருப்பாண்டயே நிக்கறியேடா, வெந்து போறியேடான்னு. இவன் சும்மா ஒரு பேச்சுக்கு, இல்லம்மா, தெனமும் சாயங்காலம் பீச்சுக்கு போயி காத்து வாங்கறேன்னு சொல்லிட்டான். அம்மா அழுவறத நிறுத்திடுச்சு. அதுலேர்ந்து வுட முடியல. நான் சொன்னேன்னு சொல்லிடாதம்மா. மானத்துக்கு அஞ்சறவன். இந்த ரெண்டு வாரமா வேற மாதிரி இருக்கறான். லீவு கேட்டு மொதலாளி காலையே புடிச்சான். குடுத்தாரு. அப்பறம் இன்னாவோ, எனக்கு லீவு வேணான்னு அவனே போயி சொல்லிட்டு வந்துட்டான். கேட்டா பேச மாட்டேங்கறான்."

பஸ் கிளம்பிவிட்டது. பெரியதம்பி ஓடிப்போய்ப் பின்படியில் தொற்றிக்கொண்டார். "சொல்லிடாதம்மா!" என்ற குரல் புழுதிக்குள் போயிற்று.

அமலா பையோடு ஸ்டாண்டிலேயே நின்றாள். இத்தனை நாள் இல்லாத கடலை நினைத்து எரிந்திருக்கிறாள். இல்லாத பெண்ணை நினைத்து எரிந்திருக்கிறாள். ஒருத்தன் அடுப்பு முன்னால் நின்று, ஊரான் காலில் ஒட்டிய மணலைப் பார்த்துப் பார்த்து, தன் அம்மா எதுவரைக்கும் தண்ணீரில் இறங்கலாம் என்று கணக்குப் போட்டு வைத்திருக்கிறான். அவனுக்கென்று இருந்தது ஒரே ஒரு சீட்டு. அதைத் தூக்கி எறிந்தது அவள்.

பையைத் திறந்து, கைலியில் சுற்றியிருந்ததைப் பிரித்தாள். ஏழு எண் போட்ட ரப்பர் செருப்பு. அவள் அளவு. கல்லில் வழுக்காத அடி.

*

வீட்டில் அறிவுமதி வந்து உட்கார்ந்திருந்தாள். வெயிலுக்குத் தொப்பி, கறுப்புக் கண்ணாடி எல்லாம் வாங்கியாகிவிட்டது. தொப்பியைப் பிள்ளைகள் மாறி மாறிப் போட்டுப் பார்த்துக்கொண்டிருந்தன. அமலா வாசற்படியிலேயே நின்று சொன்னாள்.

"அக்கா, அவுருக்கு சீட்டு வேணும்."

வசந்தா வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தவள் நிமிர்ந்தாள். "எவுருக்கு?"

"எங்க வீட்டுக்காரருக்கு."

"நீதானடி வேணான்ன? தெனமும் பாக்கற கடலுன்ன? அவரும் சரின்னுட்டாரு. இப்ப இன்னா திடீர்னு?"

சொல்லிவிடலாம். ஒரே வரியில் முடிந்துவிடும்: அவர் கடலையே பார்த்ததில்லை. சொன்னால் இந்தக் கூடமே கொல்லென்று சிரிக்கும். பிறகு அத்தை அழுவாள். பதினைந்து மாதமாக அவன் தூக்கிப் பிடித்து வைத்திருந்தது கீழே விழும். அமலா உதட்டைக் கடித்துக்கொண்டாள்.

"ஒண்ணும் இல்ல. வேணும்."

"ஒண்ணும் இல்லாம எப்டி? எந்தங்கச்சி லீவு சொல்லிட்டு வந்திருக்குது. தொப்பி வாங்கியிருக்குது. இப்ப போயி எறங்குடீன்னு சொல்லவா? உனுக்கு ஒரு நாளைக்கு ஒரு புத்தி!"

"பரவால்லக்கா, நான் வரல," என்றாள் அறிவுமதி மெல்ல. தொப்பியைப் பிள்ளையின் தலையிலிருந்து எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். அது வசந்தாவை இன்னும் கிளப்பியது.

"பாத்தியா? பச்சப் புள்ள மூஞ்ச பாரு. நீ பாட்டுக்கு குடுப்ப, நீ பாட்டுக்கு புடுங்குவியா?"

அமலாவுக்குக் காது சுட்டது. எல்லோரும் அவளையே பார்த்தார்கள். மறைப்பதற்கு இன்னொன்றைக் கொடுத்துத்தான் ஆக வேண்டும். தன்னுடையதையே கொடுத்தாள்.

"எனக்கு அவர் மேல பொறாமைக்கா. அதான் அன்னிக்கு அப்டி சொன்னேன். அவுரு மட்டும் சுகமா இருக்காருன்னு வயிறு எரிஞ்சிச்சு. உங்க மேலயும் பொறாமதான். நீங்க தெனமும் ரெண்டு பேரும் ஒண்ணா ஒக்காந்து சாப்புடறீங்க இல்ல, அத பாத்து. இப்ப எனக்கு அவர் பக்கத்துல ஒக்காந்து போவணும். அவ்ளோதான்."

 தைலம்மாள்தான் முதலில் ஆரம்பித்தாள். "இன்னாம்மே, இதுக்கா இவ்ளோ நேரம் சுத்தன? புருசன் பக்கத்துல குந்தணும்னு மொதல்லயே சொல்றதுக்கு இன்னா?"

ஆதவன் தலையைத் திருப்பிக்கொண்டு சிரித்தான். அறிவுமதி தொப்பிக்குள் முகத்தை வைத்துச் சிரித்தாள். "கடல்ல கூட கைய கோத்துக்கிட்டுதான் எறங்குவீங்களா?" என்று வசந்தா கேட்டாள், ஆனால் குரலில் முள் இல்லை. வெங்காயத் தட்டைத் தள்ளி வைத்துவிட்டு, "சீட்டுக்கு எங்கடி போறது?" என்றாள்.

"சீட்டு என்னுது குடுத்துடுங்க," என்றார் தனசேகரன்.

எல்லோரும் திரும்பினார்கள்.

"கண்ணூர்ல எறங்கி சுத்தற ரெண்டு நாளுதான? நான் படியாண்ட நின்னுக்கறேன். முப்பத்தியோரு வருசம் நின்னவன். ஒக்காந்து வந்தாதான் எனக்கு இடுப்பு புடிக்குது."

"முட்டி வலிக்குதுன்னீங்க?" என்றாள் தைலம்மாள்.

"வீட்ல நின்னாதான் வலிக்கும். வண்டியில நின்னா வலிக்காது. நான் சீட்டு இல்லன்னு ஒருத்தன எறக்கி வுட்ட கண்டக்டரே இல்ல. எம்புள்ளயவா எறக்கி வுடுவேன்? அறிவுமதி, நீ தொப்பிய போடும்மா."

கூட்டம் கலைந்து, அடுப்படியில் எண்ணெய் காயும் சத்தம் வந்தபோது, தனசேகரன் அமலாவின் பக்கத்தில் வந்து நின்றார். பையிலிருந்து எட்டிப் பார்த்த ரப்பர் செருப்பை ஒரு பார்வை பார்த்தார்.

"எம்மா," என்றார், ஸ்டாப்பிங் சொல்கிற குரல் இல்லாமல். "அவன் எறங்கி போயி பாக்கவே இல்ல, அப்டித்தான?"

அமலா அவர் முகத்தைப் பார்த்தாள். செருப்பைப் பைக்குள் ஆழமாகத் தள்ளினாள்.

"இருவது நிமிசந்தான் நிக்கும் வண்டி," என்று தனக்கே சொல்லிக்கொள்வது போல் சொல்லிவிட்டு, தண்ணீர் குடிக்கப் போனார்.

அவள் வளவனுக்குப் போன் போட்டாள். அடித்து அடித்து நின்றது. மணி ஐந்து, கல்லாண்ட நிற்பான். குரூப்பில் தட்டினாள்: *லீவு மறுபடி கேளுங்க.* அனுப்பவில்லை. இதைப் படித்தால் பெரியதம்பி சொன்னது தெரிந்துபோகும். அழித்தாள். *உங்களுக்கு சீட்டு இருக்குது* என்று தட்டினாள். ஏன் திடீரென்று என்று கேட்டால்? அதையும் அழித்தாள். கட்டை விரல் எழுத்துகளின் மேலேயே நின்றுகொண்டிருந்தது. அப்போது போன் அவள் கையிலேயே அதிர்ந்தது. குரூப்பில்தான் வந்தது. எல்லோருக்கும்.

"நான் வளவன் வயசு இருபத்தாறு கண்ணூர்ல கடைக்கு பின்னாடி தண்ணி டிரம்மாண்ட நின்னு பேசறேன் யாரும் போன் பண்ணாதீங்க பேசுனா சொல்ல வராது அதான் இப்டி அம்மா நான் உன்கிட்ட ஒரு பொய் சொல்லிட்டேன் நான் பீச்சுக்கு போனதே இல்லம்மா போட்டோ எல்லாம் சாப்புட வந்தவங்க குடுத்தது ஆனா நான் சொன்ன வெவரம் எதுவும் பொய் இல்ல பத்து பேர்கிட்டயாவது கேக்காம ஒண்ணும் எழுதல தர்மடத்துக்கு தண்ணி எறங்கற நேரம் கூட கேட்டு வெச்சிருக்கேன் நம்பி போலாம் அமலா நீ லீவு போட வேணான்னு சொன்னப்ப நான் சரின்னு சொல்லிட்டேன் அப்பறம் ஒரு வேலையும் ஓடல நீங்க எல்லாரும் பாத்துட்டு மணல் காலோட கடைக்கு வருவீங்க நான் உங்க கால பாத்து எந்த பீச்சுன்னு சொல்லணும் அத நெனச்சா மாவு கையில ஒட்டவே மாட்டேங்குது உங்க எல்லார் மேலயும் எனக்கு பொறாமையா இருக்குது தனியா போயி பாக்கவும் மனசு வரல மொதலாளிகிட்ட இன்னைக்கு மறுபடியும் கேட்டேன் திட்டிட்டு ரெண்டு நாள் குடுத்துட்டாரு சீட்டு அறிவுமதிக்கு குடுத்துட்டீங்கன்னு அண்ணன் சொன்னாரு அந்த புள்ளைய எறக்கிடாதீங்க நான் கீழ ஒக்காந்துக்கறேன் இல்ல படியில நின்னுக்கறேன் இத யாரு மொதல்ல படிக்கிறீங்களோ அண்ணன்கிட்ட சொல்லி வண்டியில எனக்கும் ஒரு எடம் வைங்க."